கீமோவுக்கும் கீமோவுக்கும் நடுவில்

மார்பகப் புற்றுநோய் உள்ளிட்ட பல புற்றுநோய்களுக்குத் தரப்படும் கீமோதெரபி பெரும்பாலும் 21 நாள் கொண்ட சுற்றுகளாக வகுக்கப்படுகிறது. சுற்றின் முதல் நாளில் நோயாளி மருத்துவமனைக்குச் சென்று, இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, சில மணி நேரம் படுத்தபடி நரம்பின் வழியாக மருந்தை ஏற்றிக்கொண்டு, அன்று மாலையோ மறுநாளோ ஊர் திரும்பிவிடுகிறார். மிச்சமுள்ள இருபது நாளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆறு சுற்று என்றால் மொத்தம் 126 நாள். அவற்றுள் மருத்துவரின் கண்பார்வையில் கழிபவை ஆறேழு நாள். வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் கழிபவை ஏறத்தாழ 120 நாள். வாந்தியும் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் கைகால் மரத்துப்போவதும் இந்த 120 நாளில்தான் வருகின்றன என்பதால், சிகிச்சை தொடருமா, பாதியில் நின்றுபோகுமா என்பதும் பெரும்பாலும் இந்த நாள்களிலேயே முடிவாகிறது. புற்றுநோய் மருத்துவத்தைப் பற்றிய பொதுப் பேச்சு பெரிய மருத்துவமனைகளையும் புதிய இயந்திரங்களையும் விலையுயர்ந்த மருந்துகளையும் சுற்றியே நடப்பதால், அந்த இருபது நாளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

திருவாலங்காட்டை அடுத்துள்ள மணவூரை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே மின்சார ரயில் நின்றுபோகும் சிற்றூர் அது. நெல்லும் கரும்பும் விளையும் பகுதி. வடக்கே திருத்தணி மலையும் அதற்கப்பால் ஆந்திர எல்லையும். ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கி எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அங்கிருந்து இன்னொரு பயணம். தெற்கே காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் 1969-இல் தொடங்கப்பட்ட அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது; மேற்கே வேலூர் சி.எம்.சி.; எல்லைக்கு அப்பால் திருப்பதியில் டாடா அறக்கட்டளையின் முயற்சியால் 2022-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை. வரைபடத்தில் பார்த்தால் இந்த ஊர்க்காரர்களைப் போல வசதி படைத்தவர்கள் தமிழ்நாட்டிலேயே குறைவு என்று தோன்றும். ஆயினும் இந்த மருத்துவமனைகள் எல்லாம் மருந்து ஏற்றும் நாளுக்கான இடங்கள். ஒன்பதாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தால் கடைசி ரயிலும் போயிருக்கும். அப்போது போகவேண்டிய இடம் எது, அங்கே இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்பதே சமூக அளவிலான புற்றுநோய் மருத்துவத்தின் மையக் கேள்வி. பெரிய ஆராய்ச்சி மருத்துவமனைகளுக்கு வெளியே, நோயாளி வாழும் ஊருக்கு அருகில், மாவட்ட மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டுக்கு வரும் செவிலியர் ஆகியோரைக் கொண்டு சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் இந்தச் சொற்றொடர் குறிக்கிறது.

பக்கவிளைவு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அது எப்போது வரும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழைய வகைக் கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது என்பதால் மருந்து அதன்மேல் வேலை செய்கிறது. ஆனால் உடலில் இயல்பாகவே வேகமாகப் பிரியும் செல்கள் வேறு சில இடங்களிலும் உண்டு: இரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை, வாயிலிருந்து குடல் வரையிலான உள்தோல், மயிர்க்கால்கள். மருந்து இவற்றையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே முதல் நாலைந்து நாளில் குமட்டலும் வாந்தியும், ஐந்தாறு நாளில் தொடங்கி வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும், ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளையணுக்களின் சரிவும், முதல் சுற்றுக்கு இரண்டு மூன்று வாரத்துக்குப் பின் முடி உதிர்வும் என்று ஒரு நாட்காட்டியே உருவாகிவிடுகிறது. மூன்றாம் வாரத்தில் மஜ்ஜை தேறி அணுக்கள் மீண்டும் ஏறுகின்றன; அப்படித் தேறுவதற்குக் கொடுக்கப்படும் அவகாசமே 21 நாள் இடைவெளி. அடுத்த கீமோவுக்கு முன் இரத்தம் பார்ப்பதும், ‘அணு குறைவாக இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவதும் இதனால்தான். கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய இடி என்பதை எண்ணிப் பார்த்தால், முந்தைய நாளே திருத்தணியிலோ திருவள்ளூரிலோ இரத்தம் பார்த்துத் தொலைபேசியில் முடிவைச் சொல்லும் எளிய ஏற்பாடு எவ்வளவு அலைச்சலை மிச்சப்படுத்தும் என்பது விளங்கும்.

இந்த நாட்காட்டியில் உயிருக்கு உலை வைக்கும் பகுதி இரண்டாம் வாரம். நோய்க்கிருமிகளை முதலில் எதிர்த்து நிற்பவை நியூட்ரோபில் எனப்படும் வெள்ளையணுக்கள். ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டிய அவை 500-க்கும் கீழே இறங்கிவிடும்போது, நோயாளியின் குடலிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருந்த பாக்டீரியாக்களே இரத்தத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. எதிர்த்துப் போராடும் அணுக்கள் இல்லாததால் சீழ், வீக்கம், சளி போன்ற வழக்கமான அடையாளங்கள் எதுவும் தெரிவதில்லை. காய்ச்சல் ஒன்றே அறிகுறி. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அதை அவசர நிலையாகக் கருதவேண்டும் என்றும், மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்துவிடவேண்டும் என்றும் உலகெங்கும் உள்ள வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துவது இதனால்தான். பிற்பகலில் கைப்பிடித்து நடந்து வந்தவர் இரவுக்குள் இரத்த அழுத்தம் சரிந்து நினைவிழப்பது இந்த நிலையில் நடக்கக்கூடியது. நேரத்தோடு மருந்து ஏறியவர் நாலைந்து நாளில் வீடு திரும்புவதும் நடக்கக்கூடியது.

ஊரில் காய்ச்சலுக்கு இருக்கும் மரியாதை வேறு. கீமோ உடம்பைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் இரண்டு நாள் காயும், பிறகு தணிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மருந்துக் கடையில் ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு விடியும்வரை பொறுத்திருப்பது இயல்பான செயலாகத் தெரிகிறது. பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கிவிடும், கிருமியை இறக்காது. காய்ச்சல் இறங்கியதைக் கண்டு வீட்டார் நிம்மதி அடையும் அந்த ஐந்தாறு மணி நேரம் மருத்துவருக்குக் கிடைக்கவேண்டிய நேரம். அதனால் கீமோ நடக்கும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கவேண்டும், 100.4-ஐத் தொட்டால் மாத்திரை போடுமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல் ‘கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகிறது, காய்ச்சல்’ என்று சொல்லவேண்டும். அருகிலுள்ள மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் புற்றுநோய் நிபுணராக இருக்கவேண்டியதில்லை. நோயாளி எந்த மருந்தை எந்தத் தேதியில் ஏற்றிக்கொண்டார், முதலில் எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டும், யாரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று எழுதிய ஒற்றைத் தாள் நோயாளியின் கையில் இருந்தால் அவர் அந்த இரவைக் கடத்திவிடுவார். இந்தத் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து பயனில்லை. மருத்துவருக்கான பகுதி ஆங்கிலத்திலும் வீட்டாருக்கான பகுதி தமிழிலும் இருக்கவேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த திருத்தணி வட்டாரத்தில் தெலுங்கிலும் இருக்கவேண்டும்.

சில வகைக் கீமோவுக்குப் பின் வெள்ளையணுக்கள் சரியாமல் தடுக்கவே ஊசி உண்டு. ஃபில்கிராஸ்டிம் என்ற அந்த மருந்தை நோயாளிகள் ‘அணு ஏத்துற ஊசி’ என்றே சொல்கிறார்கள். மருந்து ஏற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடங்கி நாள்தோறும் ஒன்றாகச் சில நாள் தோலுக்கடியில் போடவேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கவும் வேண்டும். ஊசி போடுவது எந்தச் செவிலியருக்கும் எளிய வேலை. சிக்கல் குளிரில்தான். சென்னையில் வாங்கிய ஊசிகளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ்கட்டியோடு வைத்து, சித்திரை வெயிலில் ரயிலில் கொண்டுவந்து, குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடு என்றால் தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்துவைத்துத் தினமும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போடச் செல்லும் குடும்பங்களின் பாடு சிறிதன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளிர்பதனப் பெட்டி உண்டு. ஆனால் அது தடுப்பூசிக்கென்று ஒதுக்கப்பட்டது, வேறு மருந்தை அதில் வைக்கக்கூடாது என்பது விதி. விதியில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு சிறு பெட்டி வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நோயாளி காய்ச்சலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் படுப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

வாந்தியின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. கீமோ என்றாலே குடலைப் பிடுங்கும் வாந்தி என்ற அச்சம் முந்தைய தலைமுறை கண்டதிலிருந்து வந்தது. ஆன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் 1990-களில் புழக்கத்துக்கு வந்தபின் அந்தக் காட்சி மாறத் தொடங்கியது. சிஸ்பிளாட்டின் போல மிகுதியாக வாந்தி எடுக்கவைக்கும் மருந்துகளுக்கு இப்போது மூன்று நான்கு தடுப்பு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். அவற்றுள் ஒன்று ஓலான்சபின். மனநோய்க்கென்று கண்டுபிடிக்கப்பட்ட விலை மலிவான மாத்திரை அது. 10 மில்லிகிராம் அளவில் குமட்டலை நன்றாகக் கட்டுப்படுத்தினாலும் மறுநாள் முழுவதும் ஆளை உறக்கத்தில் ஆழ்த்திவிடும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் அதில் கால் பங்கான 2.5 மில்லிகிராமே போதுமா என்று ஆராய்ந்து, வாந்தியைத் தடுப்பதில் அது பின்தங்கவில்லை என்றும் பகல் தூக்கம் வெகுவாகக் குறைகிறது என்றும் 2024-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியிட்டனர். நோயாளியான தாய் மறுநாள் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடிகிறதா என்ற கேள்விக்கு மருத்துவ ஆராய்ச்சி தந்த விடை என்றே இதைப் படிக்கவேண்டும். நடைமுறையில் வாந்தித் தடுப்பு தோற்றுப்போவது பெரும்பாலும் மருந்தின் குறையால் அன்று. வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து போடச் சொன்ன மாத்திரையை, முதல் நாள் வாந்தி வரவில்லை என்பதால் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் தாமத வாந்திக்காகத்தான் அந்த மாத்திரை என்று யாரும் அவர்களுக்கு விளக்கியிருப்பதில்லை.

உணவைப் பற்றிய அறிவுரை ஒவ்வொரு வாசலிலும் இலவசமாகக் கிடைப்பதால் அதில் சற்று நின்று பேசவேண்டும். நோய் என்றால் பத்தியம் என்பது தமிழ் வீடுகளில் ஊறிய வழக்கம். கட்டி வந்தவருக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, தயிர் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டால் எஞ்சுவது ரசம் சோறுதான். கீமோவில் இருப்பவருக்கு மஜ்ஜையும் குடல்தோலும் மீண்டும் வளரப் புரதம் வேண்டும். உடல் எடை குறையக் குறைய மருந்தைத் தாங்கும் வலு குறைகிறது, அளவைக் குறைக்கவேண்டி வருகிறது, சுற்று தள்ளிப்போகிறது. நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, மீன், கோழி, புதிதாய்ச் சமைத்துச் சூடாக உண்ணும் எதுவும் ஆகும். திறந்து வைத்த பண்டமும், கழுவாத பச்சைக் காய்கனியும், தண்ணீரின் தூய்மை தெரியாத சாறும்தான் ஆகாதவை. பச்சைக் காய்கனிகளை அறவே விலக்கும் கடுமையான பத்தியத்தால் நோய்த்தொற்று குறையவில்லை என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன, தூய்மைதான் முக்கியம். முள் சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, பெயர் தெரியாத பொட்டலப் பொடி ஆகியவற்றின் நிலை வேறு. அன்பினாலும் ஆற்றாமையினாலும் கொடுக்கப்படும் இவற்றை மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைப்பதுதான் மிகப் பெரிய தீங்கு. கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரலும் சிறுநீரகமும் தாம் கழிக்கின்றன, அவற்றின்மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று தெரியாமல் மருத்துவர் அளவைக் கணக்கிட முடியாது. திட்டாமல் கேட்டுக்கொள்ளும் மருத்துவருக்கே உண்மை கிடைக்கும்.

ஊர்வழக்கில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் தொல்லைகள் வேறு வகையின. அது படும் இடத்தில் மட்டுமே விளைவு என்பதால் வாய்ப் புற்றுநோய்க்கு வைத்தால் வாயும் தொண்டையும் புண்ணாகின்றன, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைத்தால் குடலும் சிறுநீர்ப்பையும் எரிச்சல் காண்கின்றன. புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்த நாட்டில் முதல் வகையே அதிகத் துயரம் தருவது. வாரத்தில் ஐந்து நாளாக ஆறேழு வாரம் கதிர் பாயும்போது மூன்றாம் வாரத்திலிருந்து எச்சில் விழுங்குவதே தண்டனையாகிவிடுகிறது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து நாளைக்கு ஐந்தாறு முறை வாய் கொப்பளிப்பது, ஆறிய கேழ்வரகுக் கூழும் குழைத்த பருப்புச் சோறும் மோருமாக உணவை மாற்றிக்கொள்வது, காரத்தையும் ஊறுகாயையும் தள்ளிவைப்பது, வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போட்டுக்கொள்வது ஆகியன எளியவை, பலன் தருபவை. கதிர் முடிந்தபின் தாடைத் தசை இறுகி வாய் திறக்க முடியாமல் போவதைத் தடுக்க, ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை மருத்துவமனைகள் சொல்லித்தருகின்றன. செலவே இல்லாத அந்தக் கட்டுக் குச்சியை விடாமல் பயன்படுத்தியவர் பிற்காலத்தில் சோற்றைப் பிசைந்து உண்கிறார். விட்டவர் நீர் ஆகாரத்தோடு நின்றுபோகிறார். எண்ணெயோ மஞ்சளோ பவுடரோ கதிர் படும் தோலில் பூசக்கூடாது என்பதையும், மருத்துவர் வரைந்த மைக்கோட்டைத் தேய்த்துக் கழுவக்கூடாது என்பதையும் ஊர் திரும்புமுன் எல்லாருக்கும் சொல்லியாகவேண்டும்.

முடி உதிர்வு மருத்துவருக்குச் சிறு செய்தி, நோயாளிக்குப் பெருஞ்செய்தி. திருத்தணி முருகன் கோயிலில் முடி இறக்குவது வழக்கமான வட்டாரத்தில் மொட்டைத் தலை யாருக்கும் புதிதன்று. ஆயினும் புருவமும் இமைமுடியும் சேர்ந்து உதிர்ந்த முகத்தை வேண்டுதல் என்று சொல்லி மறைக்க முடியாது. சிகிச்சை முடிந்து சில மாதத்தில் முடி திரும்பிவிடும் என்பதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். ஆடிக் கிருத்திகை நெரிசல் வெள்ளையணுக்கள் சரியும் இரண்டாம் வாரத்தில் விழுந்தால் அந்த ஆண்டு மலையேற்றத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதும் இதே பேச்சில் அடங்கும்.

நோயாளிகள் தாமாகச் சொல்லாத பக்கவிளைவு கைகால் மரத்துப்போவது. மார்பகப் புற்றுநோய்க்குப் பெருவழக்காகத் தரப்படும் பாக்லிடாக்சல் நரம்புகளின் நுனியைப் பாதிக்கிறது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, பிறகு உணர்வே மங்கிவிடுகிறது. அலுவலக மேசையில் இருப்பவருக்கு இது தொந்தரவு. வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் பெண்ணுக்குத் தெரியாமலே காயம், அடுப்பிலிருந்து சட்டியை இறக்குபவருக்குத் தெரியாமலே தீப்புண். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவூர்களில் அறுந்த இழையை விரல் நுனியால் தேடி முடிச்சிடுவது தறித் தொழிலின் உயிர்நிலை. அந்த உணர்வு போனால் பிழைப்பே போகிறது. ‘கை எப்படி இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்றே விடை வரும். ‘சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, இழை முடிய முடிகிறதா?’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். நேரத்தோடு தெரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், இடைவெளியை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். முற்றிய பிறகு அதை முழுமையாகத் திருப்பும் மருந்து இன்றில்லை. வாய்வழி மாத்திரையான கேப்சிடபின் வேறொரு வகையில் கைகளைத் தாக்குகிறது: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிந்து, வெடித்துவிடுகின்றன. இதற்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2024-இல் ஓர் எளிய தீர்வை உறுதிசெய்தார்கள். மூட்டுவலிக்குத் தேய்க்கும் அதே டைக்ளோஃபினாக் களிம்பைக் கைகளில் நாள்தோறும் இருமுறை தடவிய நோயாளிகளில் நடுத்தர, கடும் பாதிப்பு 3.8 விழுக்காட்டினருக்கே வந்தது. வெறும் களிம்பு தடவியவர்களில் 15 விழுக்காட்டினருக்கு வந்தது. எந்தச் சிற்றூர் மருந்துக் கடையிலும் கிடைக்கும் களிம்பு இது.

மருந்தே இந்த ஊர்களை நோக்கி வருவதற்கான அறிகுறிகளும் உண்டு. முற்றிய நிலையிலுள்ள வாய், தொண்டைப் புற்றுநோயாளிகள் 422 பேரிடம் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டினுக்கு மாற்றாக, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் தினமும் செலிகாக்சிப் மாத்திரையும் வீட்டிலேயே எடுத்துக்கொண்டவர்கள் சற்று அதிக காலமே வாழ்ந்தனர், இடைநிலைக் கணக்கில் (median) 7.5 மாதம், மற்றவர்க்கு 6.1 மாதம். கடும் பக்கவிளைவுகளும் மாத்திரைக்காரர்களிடம் குறைவு. ஒன்றரை மாதம் என்பது குறைந்த காலம்தான். ஆனால் அந்த மாதங்களை ரயிலிலும் வரிசையிலும் கழிக்காமல் வீட்டில் கழிக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிடவேண்டும். மார்பகக் கதிர்வீச்சு ஐந்து வாரத்திலிருந்து மூன்று வாரமாக, 15 அமர்வுகளாகச் சுருங்கியிருப்பதும் தொலைவில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை.

தொலைவு சிகிச்சையையே முடக்கும் என்பதைத் தமிழர்கள் பல இடங்களில் பட்டறிந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நோயாளிகள் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமவின் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்த காலம் நீண்டது. 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடைப்பயணம் நடத்தித் திரட்டிய நிதியில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனையை, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 2021-இல் மறைந்த டாக்டர் வி. சாந்தாவும் தங்கள் வாழ்நாளைக் கொடுத்து வளர்த்தார்கள். ஏழைகளுக்கும் தரமான சிகிச்சை என்ற அவர்களது உறுதி அந்தக் கட்டடத்துக்குள் நிறைவேறியது. அது ஊர்களுக்கு நடந்து செல்லவேண்டிய பணி இன்னும் மிச்சமிருக்கிறது. கொரோனா ஊரடங்கில் பேருந்தும் ரயிலும் நின்றபோது, கேரள அரசு திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் வழிகாட்டுதலில் மாவட்ட மருத்துவமனைகளிலேயே கீமோ கொடுக்க ஏற்பாடு செய்தது; நெருக்கடியில் செய்ய முடிந்தது வழமையிலும் செய்யக்கூடியதே என்று அது காட்டியது. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளுக்குள் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும், 2025–26-இல் மட்டும் 200 மையங்கள் என்று மத்திய அரசு 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தது. காலையில் வந்து மருந்து ஏற்றி மாலையில் திரும்பும் இடங்கள் இவை. தமிழ்நாட்டிலோ 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், கன்னியாகுமரி, இராணிப்பேட்டை ஆகிய நான்கு மாவட்டங்களில் மார்பகம், கருப்பைவாய், வாய்ப் புற்றுநோய்களுக்கான ஒழுங்குபடுத்தப்பட்ட பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. இராணிப்பேட்டை மணவூருக்கு அடுத்த மாவட்டம். பரிசோதனை பெருகினால் நோயாளிகள் முன்கூட்டியே கண்டறியப்படுவார்கள், கீமோ ஏற்றுவோரும் கூடுவார்கள். பகல்நேர மையங்களைக் கட்டில்களின் எண்ணிக்கையாலும் பாட்டில்களின் எண்ணிக்கையாலும் மட்டும் அளந்தால், அந்த நோயாளிகளின் இருபது நாள் மறுபடியும் யாருடைய கணக்கிலும் வராமல் போய்விடும்.

அந்த இருபது நாளைக் கணக்கில் கொண்டுவருவதால் ஆயுளே நீள்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் முற்றிய புற்றுநோய் கொண்ட 766 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினர் குமட்டல், வலி, மூச்சுத்திணறல், அசதி முதலிய பன்னிரண்டு தொல்லைகளைப் பற்றிக் கணினி வழியாக அவ்வப்போது பதில் அளித்தனர். ஏதேனும் மோசமானால் செவிலியருக்கு உடனே செய்தி போனது. மறு பிரிவினர் வழக்கம்போல அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிக்கொண்டனர். 2017-இல் வெளியான முடிவின்படி முதல் பிரிவினரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மறு பிரிவினருக்கு 26 மாதம். புதிய மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. தொல்லை முற்றுமுன் கவனிக்கப்பட்டதால் அவர்கள் அவசரப் பிரிவுக்குக் குறைவாகப் போனார்கள், கீமோவை நீண்ட காலம் தாங்கினார்கள். ஐந்து மாதம் கூடுதலாகத் தரும் ஒரு மருந்து சந்தைக்கு வந்தால் அதன் விலை லட்சங்களில் இருக்கும்.

கணினிக்குப் பதில் மனிதர்களைக் கொண்டு இதைச் செய்யும் வாய்ப்புத் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி மாநிலமெங்கும் விரிந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வரும் பெண் தன்னார்வலர் ஏற்கெனவே ஒவ்வொரு தெருவையும் அறிந்தவர். அவரிடம் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, கீமோ நடக்கும் வீட்டுக்கு மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் பதினைந்தாம் நாளும் போய்வரச் சொன்னால் போதும். ‘காய்ச்சல் அடித்ததா, நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், எத்தனை முறை வயிற்றால் போனது?’ என்ற கேள்விகளுக்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஊர்ச் செவிலியர்களால் புற்றுநோய்ப் பணியில் எவ்வளவு செய்ய முடியும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் முன்பே உலகுக்குக் காட்டியிருக்கிறது: அங்கே செவிலியர்கள் வினிகர் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனையால் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் ‘லான்செட்’ வெளியிட்டது. அந்தச் செவிலியர்களின் கைக்கு எட்டாத திறமை எதுவும் பக்கவிளைவைக் கேட்டறிவதில் இல்லை. அவர்களுக்கு வேண்டியது, கேட்டறிந்ததை உடனே சொல்வதற்கு ஓர் ஆளும், அவர் எடுக்கும் ஒரு தொலைபேசியும்தான்.

நோய் குணமாகாது என்று தெரிந்தபின் இந்த ஏற்பாட்டின் தேவை இன்னும் கூடுகிறது. அப்போது பக்கவிளைவும் நோயின் தொல்லையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, வலி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரையே முதன்மை மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே வகுத்தளித்தது; ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகளால் இந்திய மருத்துவமனைகள் பல அதை வைத்திருக்கவே அஞ்சின. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் கேரளத்தின் ஊர்தோறும் பரவியதும், அவர்களைப் போன்றோரின் நெடுநாள் முயற்சியால் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதாக மார்ஃபின் வைத்துக்கொள்ள வழி பிறந்ததும் இதன் தொடர்ச்சி. வலிக்கு அளவோடு கொடுத்தால் நோயாளி போதைக்கு அடிமையாவது மிக அரிது. மலச்சிக்கல் மட்டும் உறுதியாக வரும் என்பதால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இந்த ஒரு வரியை மறந்ததால் மார்ஃபினையே நிறுத்திவிட்டு வலியில் கிடப்பவர்கள் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலி தணிப்புச் செவிலியர் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் சிறுநீர்க் குழாய் பார்க்கவும் வீட்டுக்கே வருகிறார். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் போகும் வலு இழந்தவருக்கு வேண்டிய மார்ஃபின் மாத்திரை திருத்தணியிலும் திருவள்ளூரிலும் அரக்கோணத்திலும் எல்லா நாளும் கிடைத்தால், அந்தச் செவிலியர் செய்யும் வேலை முழுமை பெறும்.